சந்தேகங்களுக்கு விளக்கம்: கூட்டம் தொடங்கேக்க "இது பூர்வகுடிகளின்ர நிலம்" எண்டு ஏன் வாசிக்கினம்?

வணக்கம் உறவுகளே. இந்தக் கிழமை வந்த கேள்வியளுக்குள்ள ஒண்டு என்ர மனசை விட்டுப் போகேல்லை. ஸ்காபரோவில இருக்கிற ஒரு அண்ணை எழுதியிருக்கிறார். அப்பிடியே வாசிக்கிறன். "தம்பி, ஒரு தேர்தல் கூட்டத்துக்குப் போனனான். தொடங்கின உடன ஒரு பிள்ளை மேடையில ஏறி, இது மிசிசாகா, அனிசினாபே, ஹோடினோசோனி, வென்டாட் மக்களின்ர நிலம், 13ஆவது ஒப்பந்தம், வில்லியம்ஸ் ஒப்பந்தம் எண்டு கடதாசியைப் பாத்து வாசிச்சிது. பிறகு கூட்டம் முடியுமட்டும் ஒருத்தரும் அதைப் பற்றிக் கதைக்கேல்லை. நிலத்தைத் திருப்பிக் குடுக்கப் போகினமோ? இல்லையெண்டால் ஏன் வாசிக்கினம்? எங்கட வீட்டு உறுதி செல்லுமோ செல்லாதோ?"

அண்ணை, நீங்கள் கடைசியாக் கேட்டதில இருந்தே தொடங்குவம். உறுதி. எங்கட சனத்துக்கு உறுதி எண்டால் என்னெண்டு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆர் வித்தது, ஆர் வாங்கினது, நாலு எல்லையும் எது, சாட்சி ஆர், எல்லாம் எங்களுக்குத் தண்ணிபட்ட பாடு. வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டால் கோட்டுக்குப் போற ஆக்கள் நாங்கள். அப்ப ரொறன்ரோவின்ர உறுதியை ஒருக்கா எடுத்து விரிச்சுப் பாப்பம்.

1787 செப்டம்பர். குயின்ரி குடாவில கரியிங் பிளேஸ் எண்டொரு இடம். பிரித்தானிய முடிக்காக சேர் ஜோன் ஜோன்சன் மிசிசாகா தலைவர்மாரைச் சந்திக்கிறார். துணி, துவக்குக்குப் போடுற தீக்கல்லு, 24 பித்தளைக் கேத்தில், 120 முகம் பாக்கிற கண்ணாடி, 96 கலன் றம், இதெல்லாம் குடுபடுது. சரி, குடுத்து வாங்கினதுக்கு உறுதி எங்க? பிறகு எடுத்துப் பாத்தால், எவ்வளவு நிலம், எல்லை எது எண்டு எழுதவேண்டிய இடம் வெறுமையா இருக்குது. தலைவர்மார் தங்கட குலச் சின்னங்களைக் கீறின துண்டுக் கடதாசியள் அதில ஒட்டியிருக்கு. 1794இல ஆளுநர் டோர்செஸ்ரர் பிரபுவே இந்த உறுதி செல்லாது எண்டு எழுதினவர். ஆனால் அதை மிசிசாகா மக்களுக்குச் சொல்லேல்லை. இதைத்தான் நான் திருப்பித் திருப்பிச் சொல்லுறது. வாங்கினவனுக்குத் தெரியும் தன்ர உறுதி பிழை எண்டு. வித்ததெண்டு சொல்லப்பட்டவனுக்குத் தெரியாது.

1805 ஓகஸ்ட் 1ஆம் திகதி இன்னொரு கடதாசி எழுதப்படுது. அதுதான் அந்தப் பிள்ளை வாசிச்ச 13ஆவது ஒப்பந்தம். விலை 10 ஷில்லிங். நிலம் ரெண்டரை லட்சம் ஏக்கர் அளவு. இண்டைய ரொறன்ரோவின்ர பெரும்பகுதி அதுக்குள்ள வந்திடும். அந்த மக்கள் அதை விடேல்லை. 1986இல கோரிக்கை வைச்சு, இழுபட்டு இழுபட்டு, 2010இல கனடா அரசு 145 மில்லியன் டொலர் குடுத்துத் தீர்த்தது. பிழை இல்லாத உறுதிக்கு ஆராவது 145 மில்லியன் குடுப்பினமோ?

இதுக்குள்ள இன்னொண்டையும் சொல்லோணும். அந்த மிசிசாகா சனம் இப்ப ரொறன்ரோவில இல்லை. கிரெடிட் ஆத்தங்கரையில இருந்த அவைக்கு, வெளியில இருந்து வந்து குடியேறின ஆக்களின்ர நெருக்குவாரத்தால 1847இல ஹேகர்ஸ்வில் பக்கம் போகவேண்டி வந்தது. அங்க நிலம் குடுத்தது ஆர் தெரியுமோ? ஹோடினோசோனி, அதாவது ஆறு தேசத்து மக்கள். ஏனெண்டால் 1784இல அந்த ஆறு தேசத்து மக்கள் அகதியா வந்தநேரம் அவைக்கு இடம் கிடைக்க வழிவிட்டது இதே மிசிசாகா. அகதியா வந்தவன் அறுபது வருசத்துக்குப் பிறகு இடம் குடுத்தவனுக்கு இடம் குடுக்கிறான். நான் இதை வாசிச்ச அண்டு கனநேரம் புத்தகத்தை மூடி வைச்சிட்டு இருந்தனான்.

சரி, அண்ணை இருக்கிறது ஸ்காபரோ. அதுக்கு வில்லியம்ஸ் ஒப்பந்தமும் சேரும். 1923. ஏழு தேசங்கள் கையெழுத்து வைச்சது: கேர்வ் லேக், ஹியாவாதா, ஆல்டர்வில், ஸ்கூகொக், ஜோர்ஜினா ஐலண்ட், ராமா, போசோலேய். அதிலயிருந்த ஒரு வாசகத்தைக் காட்டி, நீங்கள் உங்கட ஒதுக்குக் காணிக்கு வெளியில வேட்டையாடவும் ஏலாது, மீன் பிடிக்கவும் ஏலாது எண்டு சொல்லிப்போட்டினம். ஒட்டோனபி ஆத்தில மீன் பிடிச்ச ஒருத்தரின்ர வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1994இல தோத்தது. பிறகு 2018இல தான் அரசுகள் 1.1 பில்லியன் டொலருக்கு இணங்கி, மன்னிப்பும் கேட்டு, வேட்டை உரிமை, மீன்பிடி உரிமையை ஏற்றுக்கொண்டது. 2018! எங்கட ஆக்கள் கனபேர் அதுக்கு முதலே ஸ்காபரோவில வீடு வாங்கிக் கடன் கட்டி முடிச்சிட்டினம்.

லோறன்ஸ் அவெனியூ, பெலமி ரோட்டுப் பக்கம் போற ஆக்கள் ஒருக்கா ரேபர் ஹில்லைப் போய்ப் பாருங்கோ. சுத்திவரச் சாதாரண வீடுகள், கார் நிக்கும், நடுவில ஒரு புல்மேடு. மேல ஒரு கல்லும் அதில ஒரு தகடும். 1956இல மண் வெட்டின மெஷின் அந்த மேட்டில எலும்புகளைக் கிளப்பினது. ஐஞ்சூறு பேருக்குக் கிட்ட. வென்டாட் மக்களின்ர முன்னோர் தங்கட செத்த ஆக்களின்ர எலும்பை ஒண்டாச் சேர்த்து, மரியாதை செய்து அடக்கின இடம். திரும்பவும் சடங்கு செய்து அங்கயே அடக்கம் செய்திருக்கு. எங்கட ஊரில கல்லறையளைப் புல்டோசரால இடிச்சதைப் பாத்த சனத்துக்கு அந்த மேட்டில நிண்டால் நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

வீட்டு உறுதிக்கு வாறன். 2025இல பிரிட்டிஷ் கொலம்பியாவில கௌவிச்சன் மக்களின்ர வழக்கில வந்த தீர்ப்போட தான் இந்தப் பயம் கனபேருக்கு வந்தது. அந்த வழக்கில அவை சனத்தின்ர வீட்டு உறுதியை ரத்துச் செய்யச் சொல்லிக் கேக்கேல்லை. அரசாங்கத்திட்டையும் ரிச்மண்ட் நகரசபையிட்டையும் இருந்த உறுதியளைத்தான் செல்லாது எண்டு சொல்லச் சொல்லிக் கேட்டவை. அங்க பெரும்பாலான நிலத்துக்கு ஒப்பந்தமே இல்லை. இங்க, தென் ஒன்ராறியோவில, ஒப்பந்தம் இருக்கு. உங்கட உறுதிக்கு மேல்உறுதி அந்த ஒப்பந்தம் தான், அண்ணை. அதை வாசிக்கேக்க பயப்படக்கூடாது, காது குடுத்துக் கேக்கோணும்.

இப்ப, சும்மா வாசிச்சுப்போட்டுப் போறது சரியோ எண்டால், இல்லை. ஹேடன் கிங் எண்ட அனிசினாபே அறிஞர், 2012இல ரொறன்ரோவில ஒரு பல்கலைக்கழகத்துக்கு இப்பிடியொரு உரை எழுத உதவினவர், 2019இல சீபீசி வானொலியில தனக்கு அதில வருத்தம் எண்டு சொன்னவர். வாசிக்கிற ஆளுக்கு அதால ஒரு கடமையும் வாறேல்லை எண்டதுதான் அவற்ர குறை. நான் அதுக்காக வாசிக்கிறதை விடச் சொல்ல மாட்டன். ரொறன்ரோப் பள்ளிக்கூடங்களில 2016இல இருந்து காலமை காலமை வாசிக்கினம். எங்கட பிள்ளையள் "ஹோடினோசோனி" எண்டு தடக்காமல் சொல்லுதுகள். தாய் தகப்பனுக்குத்தான் வாயில வரேல்லை. எங்கட விழாவிலயும் கனடாக் கீதம், அகவணக்கம், மங்கள விளக்கு எண்டு வரிசையில இதுவும் இருக்கு. அகவணக்கத்துக்குக் கதிரையை விட்டு எழும்பி நிக்கிற நாங்கள் இதுக்குப் போனை நோண்டிக்கொண்டு இருக்கக்கூடாது. எனக்கு அது உண்மையாவே நோகிற விசயம்.

நீங்கள் கேட்டிருக்கவேண்டிய கேள்வி ஒண்டு இருக்கு அண்ணை. நாங்கள் என்ன சத்தியம் செய்திருக்கிறம்? கனடாவின்ர வதிவிடப் பள்ளிக்கூடங்களில பூர்வகுடிப் பிள்ளையளுக்கு நடந்ததை விசாரிச்ச உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல 94 கோரிக்கை வைச்சது. கடைசி, 94ஆவது, குடியுரிமைச் சத்தியத்தை மாத்தச் சொன்னது. 2021இல மாத்தினவை. அதுக்குப் பிறகு குடியுரிமை எடுத்த ஒவ்வொரு தமிழரும் கையை உயர்த்தி, பூர்வகுடிகளின்ர உரிமையையும் ஒப்பந்த உரிமையையும் ஏற்கிற அரசியலமைப்பு உட்பட, கனடாவின்ர சட்டங்களை மதிப்பன் எண்டு சொல்லியிருக்கினம். ஒப்பந்தம் எண்டால் ரெண்டு பக்கம் இருக்கு. ஒரு பக்கத்தில இப்ப நாங்களும் நிக்கிறம்.

அடுத்த கூட்டத்தில வேட்பாளரிட்ட இதைக் கேளுங்கோ. அந்தக் கடதாசியில இருக்கிற வில்லியம்ஸ் ஒப்பந்தத்தில கையெழுத்து வைச்ச கேர்வ் லேக் மக்கள், நல்ல குடிதண்ணிக்காக அரசுக்கு எதிரா வழக்குப் போட்டவை. வேற ரெண்டு தேசங்களும் வழக்குப் போட்டவை; அந்த வழக்குகள் 2021இல 8 பில்லியன் டொலர் இணக்கத்தில முடிஞ்சது. அதில ஒண்டு, வடக்கு ஒன்ராறியோவில இருக்கிற நெஸ்கன்டாகா. அங்க 1995இல "தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடியுங்கோ" எண்டு அறிவிச்சது. அதுக்குப் பிறகு பிறந்த பிள்ளையள் வளந்து பெரியாக்களாயிட்டினம். "நீங்கள் வாசிச்ச பேருகளில ஒரு தேசத்தின்ர தண்ணிக்கு நீங்கள் என்ன செய்யப் போறீங்கள்?" எண்டு எழும்பிக் கேளுங்கோ. என்ன மறுமொழி வந்தது எண்டு எனக்கு எழுதுங்கோ. சரி, அடுத்த கேள்வி மார்க்கத்தில இருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறா.