எலும்புக்கூடு நிற்கும் வாசல்

தலைவர் அவர்களே, ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, ஜமாஅத் பெரியவர்களே, பங்குத்தந்தை அவர்களே, வலையை உலர்த்திவிட்டுக் குப்பங்களிலிருந்து வந்திருக்கும் என் சனங்களே, வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் டீ குடிக்கும்போது திட்டிக்கொள்ளுங்கள்.

பழவேற்காட்டு டச்சுக் கல்லறையைப் பற்றி மூன்று விஷயம் பேசச் சொன்னார்கள். யார் வந்தார்கள், எப்படிக் கட்டினார்கள், ஏன் போனார்கள். ‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’ என்பார் என் அப்பா. அந்தத் தைரியத்தில்தான் நிற்கிறேன்.

டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரைக்கே 1690 வரை இதுதான் அவர்களுக்குத் தலைமையிடம். நம் கட்டம் போட்ட துணியை வாங்கினார்கள். ஆட்களையும் அடிமைகளாக வாங்கிப் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றினார்கள். வாங்கியவர்களுக்குப் பூ வேலை செய்த கல்லறை, தொல்லியல் துறைக் காவலோடு. ஏற்றிப் போனவர்களுக்கு ஒரு செங்கல்கூட இல்லை.

எனக்கு எட்டு வயதிருக்கும். எங்கள் வெள்ளாடு அந்தக் கல்லறைக்குள் புகுந்துவிட்டது. வாசலில் எலும்புக்கூடு செதுக்கி நிறுத்தியிருக்கிறார்களே, அதைத் தாண்ட எனக்குக் கால் வரவில்லை. ஆயா வந்தாள்.

“ஏண்டா நிக்கிற?”

“எலும்பு பாக்குது ஆயா.”

கிட்டே போய் அதை மேலும் கீழும் பார்த்தாள். “பாவம், சோறு கண்டு எத்தனை நாளாச்சோ. ஏரி வாய் அடைச்ச வருசம் உங்க தாத்தா இப்படித்தான் இருந்தாரு” என்றாள். உள்ளே போனால், ஆடு ஒரு துரையின் எழுத்து வெட்டிய கல்மேல் நின்று அசை போடுகிறது. காதைப் பிடித்து இறக்கிவிட்டு, கல்லைப் பார்த்துக் கும்பிட்டாள். “மன்னிச்சுக்க தொரை, ஆட்டுக்குப் படிக்கத் தெரியாது. எனக்குந்தான்.”

சரி, ஆயா சொன்ன அந்த வாய்க்கு வருகிறேன். கப்பல் கடலில் நிற்க, துரைமார் படகில் உள்ளே வந்தது ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் வழியாக. இன்று கோடையில் அதை மணல் மூடினால் கடல்தண்ணீர் வராது, இறால் குஞ்சு வராது, ஏரி வற்றி உப்பேறும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும். வாய் அடைத்த ஏரி எப்படிப் பிழைக்கும்? இருபக்கமும் கல் கொட்டினால் மட்டும் போதாது, வருடா வருடம் மணல் வார வேண்டும்.

தலைவர் சீட்டு நீட்டுகிறார். எப்படிக் கட்டினார்கள், ஏன் போனார்கள் என்பதை அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன். 1825இல் ஊரை இங்கிலீஷ்காரர்களிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள், இப்போதைக்கு அவ்வளவுதான். முகத்துவார மனு வாசல் மேசையில் இருக்கிறது. பேனா இரண்டுதான், கையெழுத்துப் போட்டதும் அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.