இட்டேரியில் பூத்த உண்ணிப்பூ

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்கு உண்ணிச்செடியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பின்வரிசைப் பெரியவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்தேன். உண்ணிப்பூவில் தேன் உறிஞ்சிய கூட்டம் அது என்று தெரிந்துவிட்டது.

சத்தியமங்கலம் மலையடிவாரத்தில் நாங்கள் வளர்ந்த காலத்தில், பள்ளிக்கூடத்துக்கு இட்டேரி வழியாகத்தான் போக வேண்டும். நடுவில் வண்டித்தடம், இரண்டு பக்கமும் வேலி. வேலி முழுக்க உண்ணி. தண்டிலுள்ள சின்ன முள் பாவாடையைப் பிடித்து இழுக்கும். இலையைக் கசக்கினால் ஒரு காரமான வாடை வரும். இன்றைக்கும் அந்த வாடை வந்தால் எனக்குத் தோளில் பைக்கட்டு கனக்கிறது.

ஒரு கொத்தைப் பறித்தால் வெளிவட்டத்துப் பூக்கள் ரோஸ் நிறம், நடுவில் இருப்பவை மஞ்சள். மஞ்சளை மட்டும் ஒவ்வொன்றாக உருவி, காம்புப் பக்கம் உறிஞ்ச வேண்டும் என்று அக்கா சொல்லிக்கொடுத்தாள். காரணம் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். கொத்தில் வெளிப்பக்கப் பூக்கள் முதலில் விரிகின்றன. விரியும்போது எல்லாமே மஞ்சள்தான். மகரந்தச் சேர்க்கை ஆனதும் நிறம் மாறுகிறது. அதைப் பார்த்துவிட்டுப் பட்டாம்பூச்சியும் தேன் உள்ள மஞ்சள் பூவுக்கே போகிறது. பட்டாம்பூச்சிக்குத் தெரிந்த கணக்கு எங்கள் அக்காவுக்கும் தெரிந்திருந்தது.

அப்புறம் பழம். நன்றாகக் கறுத்துப் பளபளப்பதை மட்டும் தின்போம். பச்சைக் காயில் கை வைத்தால் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, முதுகில் ஒன்று வைப்பார். பச்சைக் காய் நஞ்சு, அவர் சொன்னது சரி. இலையும் அப்படித்தான். தீவனம் இல்லாத கோடையில் அதை மேய்ந்த மாட்டுக்குக் கல்லீரல் கெடும், கண் மஞ்சளாகும், வெயில் பட்ட இடத்தில் தோல் புண்ணாகும்.

அந்த அம்மிச்சி உண்ணிப்பழத்தை மதித்ததே இல்லை. நாங்கள் நாக்கை நீட்டிக் காட்டினால், “இதெல்லாம் ஒரு பழமா? நாங்க தின்ன சூரைப்பழம் தெரியுமா, காரைப்பழம் தெரியுமா?” என்பார். களாக்காய் பறிக்கப் போய்க் கையெல்லாம் பால் ஒட்டிக்கொண்ட கதையைச் சொல்வார். அதே இட்டேரி, அதே வேலி. அவர் சிறுமியாக இருந்தபோது கிளுவையும் களாவும் சூரையும் நின்ற இடத்தில்தான் நான் உண்ணியைப் பார்த்தேன். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

உண்ணியின் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. 1800-களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச்செடியாக வந்தது. வேலிக்கு ஆகும் என்று பல இடங்களில் நட்டார்கள். பழத்தைத் தின்ற சின்னான் குருவிகள் விதையைக் காட்டுக்குள் கொண்டுபோய்ப் போட்டன. பக்கத்தில் வேறு நாற்று முளைப்பதை உண்ணி அமுக்கிவிடும். வெட்டினால் அடியிலிருந்து தழைக்கும், நெருப்பு வைத்தாலும் தழைக்கும். 2020-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் புலிகள் வாழும் காட்டுப் பரப்பில் 40 விழுக்காட்டுக்கு மேல், ஏறத்தாழ 1,54,000 சதுர கிலோமீட்டரில், இது பரவியிருப்பதாகக் கணக்கிட்டது. அவ்வளவு இடத்திலும் புல்லும் தழையும் குறைந்தால் மான் எதைத் தின்னும்?

நீலகிரி வட்டாரத்துப் பெட்டகுறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் பழங்குடி மக்கள் இந்தத் தண்டை வெட்டி, வேகவைத்து, தோலுரித்து, இரும்புச் சட்டத்தின் மேல் வளைத்து ஆளுயரத்துக்கும் மேலான யானைகளைச் செய்கிறார்கள். 2021-ல் லண்டன் பூங்காக்களில் அந்த யானைகள் நின்றன, 2024-ல் அமெரிக்காவுக்குப் போயின. காட்டு யானைக்குத் தீனி இல்லாமல் செய்த செடி, அந்த மக்களின் கையில் யானையாகவே நிற்கிறது. அவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் யானை பொம்மை செய்தே தீர்த்துவிடக்கூடிய அளவு உண்ணி அல்ல அது.

எனவே, சின்ன வயது நினைவுக்காக நர்சரியில் லண்டானா என்ற பெயரில் கலர் கலராக விற்கும் உண்ணியை வாங்கி வீட்டில் வைக்காதீர்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு, அதனால்தான் சொல்கிறேன். குழந்தை பூவில் தேன் உறிஞ்ச வேண்டுமென்றால் இட்லிப்பூச் செடி வையுங்கள். அது இந்த மண்ணின் வெட்சி. அதன் பழத்தையும் தின்னலாம். குழந்தையின் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஏதாவது பூக்க வேண்டும். சுவரும் கம்பிவேலியுமாக இருக்கும் தெருவில் வளரும் பிள்ளைகளுக்கு நம் தலைமுறை அதைத் தராமல் விட்டது எனக்குப் பெரிய வருத்தம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் உண்ணியை எடுக்கிறோம். மேலே வெட்டிவிட்டு வந்தால் பயனில்லை. தண்டும் வேரும் சேரும் இடத்துக்குக் கீழே, மண்ணுக்குள் வேரை வெட்டி, தூரைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். தில்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டிய வழி இது. பழம் கறுப்பதற்கு முன் முடித்துவிட வேண்டும். அடுத்தடுத்த மழைக்கு முளைக்கும் நாற்றுகளைக் கையால் பிடுங்க மாணவர்கள் வேண்டும். எடுத்த இடத்தில் களா, சூரை, காரை வைக்கிறோம். ஆடு கடிக்காமல் காவல் காக்க அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். கடப்பாரை வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், காலை ஆறு மணிக்கு வந்துவிடுங்கள். நன்றி.