ஒரு செகண்ட் வைத்தேன், ஓடை முழுக்க வெள்ளையாகிவிட்டது, ஏன்?

அடுத்த கேள்வி ஒரு தம்பியிடமிருந்து. "அண்ணா, பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவிக்குப் போயிருந்தேன். காலை 11 மணி, நல்ல வெயில். ட்ரைபாடில் வைத்து ஐஎஸ்ஓ 100, எஃப்/22, ஷட்டர் ஒரு செகண்ட் வைத்தேன். படம் முழுக்க வெள்ளையாக வந்துவிட்டது. தண்ணீர் பட்டு மாதிரி வர எத்தனை செகண்ட் வைக்க வேண்டும்?"

தம்பி, நீங்கள் போன நேரம்தான் தப்பு. கணக்கைப் பாருங்கள். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) 100, எஃப்/16 என்றால் நூறில் ஒரு செகண்ட் போதும். ஃபிலிம் காலத்துக் கணக்கு, இன்றைக்கும் பொய்க்காது. எஃப்/22 வைத்தால் லென்ஸின் துளை இன்னும் சிறிதாகும், ஐம்பதில் ஒரு செகண்ட். நீங்கள் முழுதாக ஒரு செகண்ட் திறந்து வைத்திருக்கிறீர்கள். தேவையைப் போல 50 மடங்கு வெளிச்சம் உள்ளே போயிருக்கிறது. கேமரா என்ன செய்யும், பாவம்?

உடனே என்டி ஃபில்டர், அதாவது லென்ஸுக்கு முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி, வாங்கச் சொல்வார்கள். வாங்கலாம். ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும். 6 ஸ்டாப் ஃபில்டர், அதாவது 64-இல் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி 64, இந்த 50 மடங்கைச் சமாளித்துவிடும். ஆனால் இலை இடுக்கில் திட்டுத் திட்டாக விழும் வெயிலை எந்த ஃபில்டரும் சரிசெய்யாது. வெயில் பட்ட நுரை எரிந்து வெறும் வெள்ளையாகப் போயிருக்கும், பக்கத்துப் பாறை கரியாக இருக்கும். அதனால் நான் முதலில் சொல்வது, மேகமூட்டமான நாளில் போங்கள். இல்லையென்றால் ஓடையில் வெயில் இறங்கும் முன் போங்கள். அடர்ந்த மர நிழலில் எஃப்/11 வைத்தாலே எட்டில் ஒரு செகண்ட் பக்கம் தானாக வந்து நிற்கும். எஃப்/22 வரை போகவே வேண்டாம், அங்கே லென்ஸின் கூர்மை மழுங்கிவிடும்.

ஒரே ஒரு ஃபில்டர்தான் வாங்க முடியும் என்றால் என் ஓட்டு பளபளப்பை நீக்கும் போலரைசருக்குத்தான். அது ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தையும் குறைக்கும். எட்டில் ஒன்று, மூன்றில் ஒன்றாகிவிடும். நனைந்த பாறை மேல் வெள்ளையாக ஒரு மினுமினுப்பு இருக்கும் பாருங்கள், கேமராவில் கண்ணை வைத்துக்கொண்டே ஃபில்டரை மெல்லத் திருப்பினால் அது அப்படியே வழிந்து போகும். பாறையின் செம்பழுப்பு தெரியும், தண்ணீருக்கு அடியில் கூழாங்கல் தெரியும், பாசியின் பச்சை ஏறும். முழுக்கத் திருப்பிவிடாதீர்கள். சில இடங்களில் தண்ணீரில் தெரியும் மரத்தின் பச்சைப் பிம்பம்தான் படமே.

சரி, எத்தனை செகண்ட்? பாறை இடுக்கில் பாய்ந்து விழும் தண்ணீருக்கு எனக்குப் பிடித்தது கால் செகண்டிலிருந்து அரை செகண்ட். அதில் நுரை இழை இழையாகத் தெரியும், எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதும் தெரியும். இரண்டு, மூன்று செகண்ட் போனால் பால் கொட்டிய மாதிரி ஆகிவிடும். அது பலருக்குப் பிடிக்கிறது, எனக்குப் பிடிப்பதில்லை. அதே ஓடையில் கீழே ஒரு சின்ன மடு இருந்து, நுரை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தால் மட்டும் 8, 10 செகண்ட் வைத்துப் பாருங்கள். கண்ணுக்கே தெரியாத வட்டம் படத்தில் வரும். தெறிக்கிற துளி தனித்தனியாக வேண்டுமென்றால் ஆயிரத்தில் ஒரு செகண்ட். அதற்கு உங்கள் 11 மணி வெயில் நல்ல வெயில்தான்!

எடுத்ததும் ஹிஸ்டோகிராமை, அதாவது கேமரா திரையில் இருட்டு இடமும் வெளிச்சம் வலமுமாக வரும் வரைபடத்தை, பாருங்கள். வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றால் எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் இறக்குங்கள். இருட்டான பாறையை அப்புறம் தூக்கிவிடலாம், எரிந்த நுரையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ட்ரைபாடில் இருக்கும்போது கை ஆட்டத்தைச் சமாளிக்கும் லென்ஸின் ஸ்டெபிலைசரை அணைத்துவிட்டு, 2 செகண்ட் டைமர் போடுங்கள். ட்ரைபாட் காலை ஓடும் தண்ணீரில் வைக்கவேண்டி வந்தால் மணலில் அழுத்திப் புதையுங்கள். பாசிப் பாறை மேல் வைத்த என் பழைய ட்ரைபாடின் ஒரு கால் இன்னும் வளைந்துதான் இருக்கிறது. கேமரா தப்பித்தது, முழங்கால் தப்பவில்லை.

ஐபோன் வைத்திருப்பவர்கள் லைவ் போட்டோ எடுத்து, அதில் லாங் எக்ஸ்போஷரைத் தேர்ந்தெடுத்தால் ஓரளவு இதே மாதிரி கிடைக்கும். போனை மட்டும் ஆட்டாதீர்கள்.

கும்பக்கரை என்று சொன்னதால் இன்னொன்று. அங்கே உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும், மேலே கொடைக்கானல் மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் இங்கே வரும். தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் அடித்துக்கொண்டு வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ கரையேறிவிடுங்கள். அரை செகண்ட் பாக்கி இருந்தாலும் ஏறுங்கள். ட்ரைபாடை மடக்கிக்கொண்டு நிற்க வேண்டாம். வனத்துறை தடை போட்ட நாளில் போகவே போகாதீர்கள்.

அடுத்து, லென்ஸுக்குள் பூஞ்சை வந்தது பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். அதைப் பார்ப்போம்.