கேட்கவில்லையா, கேட்க மாட்டேன் என்கிறானா?

வணக்கம்.

"பையன் ஓர் இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான். பள்ளியில் டெஸ்ட் பண்ணிக்கொண்டு வரச் சொல்கிறார்கள். உங்களிடம் வந்தால் அன்றைக்கே ரிப்போர்ட் கிடைக்குமா?" இருபது வருடமாக எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இப்படித்தான் தொடங்குகின்றன. பின்னால் அந்தப் பையன் எதையோ உருட்டிக்கொண்டிருக்கும் சத்தமும் கேட்கும்.

நான் குழந்தை உளவியலாளர். தனியாக அசெஸ்மென்ட், அதாவது குழந்தையின் கவனத்தையும் நடத்தையையும் மதிப்பிட்டு ரிப்போர்ட் எழுதித் தருவதுதான் என் பிழைப்பு. அந்தப் பிழைப்புக்கு ஆகாத ஒன்றைச் சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது: அன்றைக்கே ரிப்போர்ட் கிடைக்கிற இடத்துக்குப் போகாதீர்கள்.

ஏ.டி.எச்.டி. என்கிற கவனக் குறைபாட்டைக் கண்டுபிடித்துச் சொல்ல ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. மற்றவர்களோடு பழகுவதிலும் பேசுவதிலும் சிரமம் தருகிற ஆட்டிசத்துக்கும் அப்படித்தான். வீட்டில் பார்த்தவர்கள் சொல்வது, வகுப்பில் பார்த்தவர்கள் சொல்வது, நாங்கள் பார்ப்பது எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். பல நாடுகளில் பின்பற்றப்படும் அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013ஆம் ஆண்டுக் கையேடு குழந்தைகளுக்கு வைக்கிற கணக்கு இது: குறைந்தது 6 அறிகுறிகள், 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும், 12 வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். அப்புறம் முக்கியமானது, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். வீட்டில் சாதுவாக இருக்கிற பிள்ளை வகுப்பில் மட்டும் ஆட்டம் போடுகிறது என்றால் முதலில் வகுப்பைத்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

என் அறையில் நடப்பதை வைத்து மட்டும் எதையும் சொல்லிவிட முடியாது. புது இடம், புது விளையாட்டுச் சாமான், எதிரே தன்னை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெரியவர். எப்பேர்ப்பட்ட வால் பிள்ளையும் அரை மணி நேரம் பொம்மை மாதிரி உட்கார்ந்துவிடும். "வீட்டில் இப்படி இல்லை மேடம், சத்தியமாக" என்று அம்மா நெளிவார். எனக்குத் தெரியும் அம்மா, நம்புகிறேன்.

சரி, இன்றைக்கு நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன். ஐந்து வயதுப் பையன். பள்ளியில் ஐந்து முறை கூப்பிட்டால்தான் திரும்புகிறானாம். அம்மாவுக்கு ஒன்று, ஆசிரியைக்கு ஒன்று என்று படிவம் கொடுத்தேன். "நேரடியாகப் பேசும்போதும் கேட்காதவன் போலிருக்கிறான்" என்ற வரிக்கு நேராக இரண்டு பேருமே "மிக அடிக்கடி" என்பதை வட்டமிட்டிருந்தார்கள். இரண்டு இடம், ஒரே பதில். நானும் மனசுக்குள் பாதி ரிப்போர்ட்டை எழுதிவிட்டேன்.

இரண்டாவது முறை வந்தபோது அவன் தரையில் உட்கார்ந்து மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். நான் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தேன். "சிவப்புக் கட்டையைக் கொடு" என்றேன். அசையவில்லை. மறுபடி சொன்னேன். ஒன்றுமில்லை. தற்செயலாகத் திரும்பினான். மூன்றாவது முறை சொன்னேன். உடனே சிவப்புக் கட்டை கைக்கு வந்துவிட்டது. ஆனால் அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தான். கையிலிருந்த படிவத்தை உயர்த்தி வாயை மறைத்துக்கொண்டு "நீலம்" என்றேன். அவன் எழுந்து வந்து, சின்னக் கையால் அந்தத் தாளைப் பிடித்துக் கீழே இழுத்தான்.

காது பரிசோதனைக்கு அனுப்பினேன். இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. சிறு குழந்தைகளுக்குச் சளி பிடித்த பின்பு அடிக்கடி வருவதுதான். பெரும்பாலும் மூன்று மாதத்தில் தானாக வடிந்துவிடும். வடியாவிட்டால் செவிப்பறையில் சின்னக் குழாய் வைப்பார்கள். அதுவரை குழந்தைக்கு ஊர்ப் பேச்செல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது மாதிரி இருக்கும். அதிலும் ஒரு நாள் நன்றாகக் கேட்கும், மறுநாள் கேட்காது. பெரியவர்கள் என்ன நினைப்பார்கள்? "வேண்டுமென்றால் கேட்கிறான், வேண்டாமென்றால் கேட்பதில்லை."

நம் தமிழைப் பாருங்கள். காதில் விழுவதற்கும் கேட்பதுதான், சொன்னபடி நடப்பதற்கும் கேட்பதுதான். "பையன் சொன்னால் கேட்பதில்லை" என்று அந்த அம்மா முதல் நாளே சொன்னார். அவர் சொன்னது உண்மை. நான்தான் தப்பான "கேட்பது" என்று எடுத்துக்கொண்டேன்.

குழாய் வைத்துச் சில வாரம் கழித்து அவர் கூப்பிட்டார். "வீட்டில் எல்லோரும் கத்துகிறோமாம் மேடம், காதைப் பொத்திக்கொள்கிறான்."

எல்லாப் பிள்ளைக்கும் காதில்தான் கோளாறு என்று சொல்ல வரவில்லை. காது சரியாக இருந்து ஏ.டி.எச்.டி.யும் இருக்கும், இரண்டும் சேர்ந்தும் இருக்கும். ஆனால் காது, கண், தூக்கம் இவற்றைப் பார்க்காமல் அசெஸ்மென்டுக்குப் பணம் கட்டாதீர்கள். இரவில் வாயைத் திறந்து குறட்டை விடுகிற குழந்தை பகலில் சோர்ந்து கிடப்பதற்குப் பதிலாகத் தறிகெட்டு ஓடலாம். பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடி உறைந்து வெறித்துப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்கிற குழந்தைக்கு ஒருவகை வலிப்பு இருக்கலாம். கவனமில்லை என்று திட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று, பிறந்த மாதம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்த ஆய்வு 2012இல் வந்தது. அங்கே டிசம்பரில் பிறந்த பிள்ளைதான் வகுப்பிலேயே சின்னது. ஜனவரியில் பிறந்தவர்களைவிட டிசம்பர்க்காரர்களுக்கு ஏ.டி.எச்.டி. என்று சொல்லப்பட்டது ஆண் பிள்ளைகளில் 30 விழுக்காடு, பெண் பிள்ளைகளில் 70 விழுக்காடு அதிகம். ஐந்து வயதில் பதினோரு மாத இடைவெளி என்பது சின்ன விஷயமா? ஆகவே, உங்கள் பிள்ளை வகுப்பில் கடைக்குட்டியா என்று முதலில் பாருங்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்படியானால் பொறுத்துப் பார்க்கலாம், வளர வளரச் சரியாகிவிடும்" என்று யாரும் உட்கார்ந்துவிடவும் வேண்டாம். 16 மாதமாகியும் ஒரு சொல் வரவில்லை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, பேசிக்கொண்டிருந்த பேச்சு நின்றுபோனது, இதில் எது நடந்தாலும் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள்.

தனியாரிடம் போவதென்றால், பணம் கட்டும் முன் தொலைபேசியிலேயே கேளுங்கள். குழந்தையோடு உட்காரப்போவது யார், என்ன படித்தவர்? எத்தனை முறை வர வேண்டும்? ஆசிரியரிடம் பேசுவீர்களா? பள்ளி ஏற்றுக்கொள்கிற மாதிரி ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது யார்? இதைக் கேட்டதற்கு ஒருவர் கோபித்துக்கொண்டால் அவரிடம் போக வேண்டியதில்லை. இருபது நிமிடம் பார்த்துவிட்டு ஐம்பது தெரபிக்கு இன்றே முன்பணம் கட்டச் சொல்கிறவர்களிடமும் வேண்டாம். "இவ்வளவு பணம் கட்டினோமே, ஒரு பெயராவது சொல்லுங்கள்" என்று கேட்கிற பெற்றோரும் உண்டு. "குறைபாடு எதுவும் இல்லை" என்பதும் பணம் கொடுத்து வாங்கிய பதில்தான்.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சுருக்கமாக: எண்களைத் தாண்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். வீட்டில் என்ன, வகுப்பில் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே தெளிவாக இல்லாவிட்டால் எழுதியவரை உட்காரவைத்துக் கேளுங்கள். நாலைந்து வயதில் ஏ.டி.எச்.டி. என்று வந்தால் முதலில் பெற்றோருக்கான பயிற்சிதான், மருந்து பிறகு.

குழந்தையிடம் பரீட்சை என்று சொல்லாதீர்கள். "ஒருவரைப் பார்க்கப் போகிறோம், உன்னோடு விளையாடுவார், நிறையக் கேள்வி கேட்பார்" என்றால் போதும். ஊசி கிடையாது என்பதை மட்டும் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் என் முதல் கால் மணி நேரம் அதிலேயே போய்விடும்.

வணக்கம்.