அரை மைல் தள்ளி ஒரு வீடு

வணக்கம் நேயர்களே. என்னைப் பேசக் கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றி. நான் அமெரிக்காவுல நெப்ராஸ்கா மாநிலம், லிங்கன் ஊர்ல சில வருஷம் இருந்தேன். பக்கத்து வீட்ல ஒரு பெரியவர், ரிட்டயர் ஆன விவசாயி, ஒருநாள் ஒரு பழைய காகிதக் கட்டோட நகலைக் கொண்டாந்து காட்டினார். அவரோட கொள்ளுத்தாத்தா, ஐரோப்பாவுல செக் நாட்டுலேர்ந்து வந்து இங்க குடியேறின விவசாயி, நிலப்பட்டாவுக்காக கவர்மென்ட் ஆபீஸ்ல கொடுத்த வாக்குமூலம் அது. வீடு பதினாலு அடிக்குப் பதினாறு அடி, புல்லோட வெட்டியெடுத்த மண்கட்டிச் சுவர், ஒரு கதவு, ரெண்டு ஜன்னல், ஒரு கிணறு, நாப்பது ஏக்கர் உழுதாச்சு, அவ்வளவுதான். கீழ அக்கம்பக்கத்துக்காரங்க ரெண்டு பேரோட சாட்சிக் கையெழுத்து. ஒரு குடும்பம் அஞ்சு வருஷம் பட்ட பாடு மொத்தமும் அந்த நாலு வரிக்குள்ள இருக்கு, அதைப் படிச்சதுலேர்ந்து எனக்கு இந்த செக் விவசாயிகள் கதை மனசை விட்டுப் போகவே இல்ல.

1862-ல அமெரிக்காவுல ஹோம்ஸ்டெட் சட்டம்னு, குடியேறறவங்களுக்கு அரசாங்க நிலம் கொடுக்கற சட்டம் வந்துச்சு. கட்டணமெல்லாம் சேர்த்து 18 டாலர் கட்டி, அஞ்சு வருஷம் அங்கயே குடியிருந்து பயிர் வெச்சா 160 ஏக்கர் சொந்தம். இன்னைக்கு செக் நாடா இருக்கற பொஹீமியாவுலயும் மொராவியாவுலயும் குடிசையும் துண்டு நிலமும் வெச்சிருந்தவனுக்கு இது எப்படிக் கேட்டிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. 1848-லயே பண்ணையார்களுக்கு வெட்டி வேலை செய்யறது ஒழிஞ்சிடுச்சு, ஆனா நிலம் எல்லாருக்கும் கிடைச்சிடல, 1868-லேர்ந்து பையன்களுக்குக் கட்டாய ராணுவ சேவை வேற. அதனால ஜெர்மனியில ப்ரெமன், ஹாம்பர்க் துறைமுகத்துல அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிட்டாங்க.

ஆனா 160 ஏக்கர்னா என்ன? நாலு பக்கமும் அரை மைல். சட்டப்படி அவங்கவங்க நிலத்துலதான் குடியிருக்கணும். செக் கிராமத்துல வீடுங்க ஒட்டி ஒட்டி இருக்கும், வயல் ஊருக்கு வெளிய இருக்கும், தெருவுல நின்னு கூப்பிட்டா பத்து வீட்டுக்குக் கேக்கும். அப்படியே வளர்ந்த பொண்ணு இங்க வந்து கதவைத் திறந்தா புல்லும் காத்தும்தான், பேச ஒரு ஆள் இல்ல, அந்த ஊர் மொழியும் தெரியாது. வறுமையை விட இந்தத் தனிமைதான் அவங்களை அதிகம் வாட்டியிருக்கும்னு நான் நினைக்கறேன். செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக் 1893 கோடையில பக்கத்து மாநிலம் அயோவாவுல ஸ்பில்வில்ங்கற செக் ஊர்ல தங்கியிருந்தார், அவரே இந்தப் புல்வெளியை சகாரான்னு சொல்லித்தான் ஊருக்குக் கடிதம் எழுதினார்.

1874-ல வெட்டுக்கிளி வந்து பயிரோட விடாம துணிமணியையும் தின்னுச்சு, 1888 ஜனவரி 12 பனிப்புயல்ல பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குக் கிளம்பின பிள்ளைங்க எத்தனையோ பேர் வழியிலயே இறந்துட்டாங்க. சொல்லவே கஷ்டமா இருக்கு.

இன்னொண்ணும் சொல்லணும், அது யாருமில்லாத நிலம் இல்ல. பானி, ஓட்டோ-மிசூரியாங்கற அமெரிக்கப் பழங்குடி மக்கள் வாழ்ந்து வேட்டையாடின பூமி. பானி மக்களை 1870-கள்லயும் ஓட்டோ மக்களை 1881-லயும் இன்னைக்கு ஓக்லஹோமா இருக்கற பக்கம் அனுப்பிட்டாங்க. அந்த வாக்குமூலக் காகிதத்துல இதைப்பத்தி ஒரு வரிகூட இல்ல.

தனிமையை உடைக்க செக் விவசாயிங்க கட்டினதுதான் ஹால், எல்லாரும் ஒண்ணு கூடற இடம். 1897-ல நெப்ராஸ்காவுல ஒமாஹா ஊர்ல ஆரம்பிச்ச இசட்.சி.பி.ஜே.ன்னு ஒரு சகோதர சங்கம், மாசாமாசம் பணம் கட்டினா செத்தா குடும்பத்துக்கு இன்சூரன்ஸ், அதோட ஹால்ல நாடகம், டான்ஸ், கல்யாணம், எல்லாம். எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க இவங்கள்ல நிறைய, அதனால 1891-லேர்ந்து ஹொஸ்போடார்னு விவசாயிகளுக்கே ஒரு செக் பத்திரிகை ஒமாஹாவுலேர்ந்து வந்துச்சு. அப்புறம் கொலாச்சே. நடுவுல கசகசாவோ ப்ரூன் பழமோ வெச்ச பன் மாதிரி ஒண்ணு, நெப்ராஸ்காவுல வில்பர் ஊருக்குப் போனா இன்னைக்கும் கிடைக்கும், சூடா சாப்பிடணும்.

செக் மொழிதான் போயிடுச்சு. முதல் உலகப்போர் முடிஞ்சதும் 1919-ல நெப்ராஸ்காவுல எட்டாவது முடிக்காத பிள்ளைங்களுக்கு இங்கிலீஷைத் தவிர வேற மொழியே சொல்லித் தரக்கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. 1923-ல சுப்ரீம் கோர்ட் அதைச் செல்லாதுன்னு சொல்லிச்சு, ஆனா அதுக்குள்ள வீட்டுக்குள்ளயே பேசப் பயப்பட ஆரம்பிச்சவங்க உண்டு. நம்ம பெரியவருக்கும் பாட்டி சொல்லிக் கொடுத்த ஜெபம் மட்டும்தான் செக்ல தெரியும்.

அவரு தன்னோட முன்னோர்களைத் தேடின விதம் எனக்குப் புதுசு. செக் நாட்டு ஆவணக் காப்பகங்கள் பழைய சர்ச் பதிவேட்டையெல்லாம் இலவசமா இன்டர்நெட்ல போட்டிருக்காங்க. அதுல பேருக்குப் பக்கத்துல வீட்டு நம்பர் இருக்கும், ஒரு வீட்டு நம்பரைப் பிடிச்சா மூணு நாலு தலைமுறை மேல போய்டலாம். ஆனா கிராமத்துப் பேரு தெரியணும், அமெரிக்க சென்சஸ்ல வெறும் ஆஸ்திரியா (அப்போ அந்தப் பகுதி ஆஸ்திரியா ஆட்சியில இருந்துச்சு), இல்லாட்டி பொஹீமியான்னு போட்டிருப்பாங்க. கடைசில அவருக்குக் கிராமத்துப் பேரு கிடைச்சது கொள்ளுப்பாட்டி கல்லறைக் கல்லுல.

என்னையும் அங்க கூட்டிட்டுப் போனார். சோளக்காட்டுக்கு நடுவுல சின்னக் கல்லறை, கல்லுங்கள்ல பீங்கான்ல பதிச்ச போட்டோ, செக் எழுத்து. அந்த வாக்குமூலத்துல சாட்சிக் கையெழுத்து போட்ட ரெண்டு பேரும் அதே வரிசையிலதான் இருக்காங்க, கொள்ளுத்தாத்தாவுக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர், நடுவுல நாலடிகூட இல்ல.