நோட்டுல எழுதாத செலவு

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஜூலை 5 வந்தா விவசாயிகள் போராட்டத்துல உசுரு விட்ட தியாகிகள் படத்துக்கு மாலை போடறோம், போட்டோ எடுக்கறோம், போயிடறோம். இன்னைக்கு கொஞ்சம் கணக்கு பேசலாம்னு வந்திருக்கேன், தூங்கிராதீங்க.

1970ல திருப்பூர் பக்கம் பெருமாநல்லூர்ல போலீஸ் சுட்டு மூணு பேர் செத்தாங்க. எதுக்கு? கரண்ட் ரேட்டை ஏத்தாதேன்னு கேட்டதுக்கு. அதுக்கப்புறம் கவர்மென்ட் இறங்கி வந்து கொறச்சது யூனிட்டுக்கு 1 பைசா! இன்னைக்கு பசங்ககிட்ட சொன்னா சிரிக்கறானுங்க, ஆனா ஆழக்கிணத்துல ராப்பகலா மோட்டார் ஓட்டி தண்ணி எறைக்கறவனுக்கு அந்த ஒரு பைசா என்னன்னு தெரியும். 1972ல விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில மாட்டு வண்டியா ஓட்டிட்டு வந்து கோயமுத்தூர் ரோட்டையே அடைச்சாங்க. எங்கய்யன் அந்த கதையை சொன்னார்னா போலீசை பத்தி ரெண்டு வார்த்தை, மாட்டுக்கு சோளத்தட்டு எத்தனை கட்டு ஏத்திட்டு போனோம்ங்கறது அரைமணி நேரம். அப்புறம் எம்ஜிஆர் ஆட்சியில சிறு விவசாயிக்கு, கலைஞர் ஆட்சியில எல்லாருக்கும்னு ஃப்ரீ கரண்ட் வந்துச்சு.

சரி, செலவுல ஒண்ணை கொறச்சாங்க. வெலை?

விவசாயிகளுக்காக மத்திய அரசு போட்ட சாமிநாதன் கமிஷன் 2006ல சொன்னது, குறைந்தபட்ச ஆதார விலையை, அதாவது கவர்மென்ட் கொள்முதலுக்கு அறிவிக்கற வெலையை, உற்பத்தி செலவுக்கு மேல பாதி சேத்து கொடுக்கணும்னு. 2018 பட்ஜெட்ல மத்திய அரசு, நாங்க செலவுல ஒன்றரை மடங்கு கொடுத்துட்டோம்னுட்டாங்க. பொய்யில்லீங்க, ஆனா எந்த செலவுன்னு பாக்கணும். வெதை, உரம், கூலி, நம்ம வீட்டாளுங்க ஒழைப்பு, இதை ஏ2 எஃப்எல்ங்கறாங்க. இதுல சொந்த நிலத்துக்கு வாடகை கெடையாது, கெணறு மோட்டார்னு நாம போட்ட மொதலுக்கு வட்டி கெடையாது. அதையும் சேத்தாத்தான் சி2. பக்கத்து காட்டை குத்தகைக்கு எடுத்து பண்ணையம் பண்ணுனா அந்த குத்தகை செலவாம், சொந்த காட்டுல பண்ணுனா ஓசியாம், இது எந்த ஊரு நியாயமுங்க?

2024-25க்கு சாதா ரக நெல்லு குவிண்டால் 2300 ரூபான்னு மத்திய அரசு ஆதார விலை அறிவிச்சாங்க. சி2 கணக்குல பாதி சேத்தா 3012. வித்தியாசம் 712. கீழ்பவானி பாசனத்துல ஏக்கருக்கு 25 குவிண்டால்னு வச்சுக்கோங்க, 17,800 ரூபா போச்சு. அதுவும் கொள்முதல் நிலையத்துல எடுத்தாத்தான், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலன்னு ஓரமா போட்டுட்டா வியாபாரி சொன்னதுதான் வெலை.

டெல்லி எல்லையில சிங்கு, டிக்ரி, காசிப்பூர்னு ஒரு வருசத்துக்கு மேல குளிர்லயும் வெயில்லயும் டிராக்டர்லயே குடும்பம் நடத்துனாங்களே, அவங்க மத்திய அரசோட மூணு வேளாண் சட்டத்தையும் வாபஸ் வாங்க வச்சுட்டாங்க, ஆனா குறைந்தபட்ச ஆதார விலையை சட்டமாக்குங்கன்னு கேட்டது மட்டும் அப்படியே நிக்குது. மூணு சட்டத்தை ரத்து பண்றதுக்கு கையெழுத்து போதும், வெலைக்கு காசு வேணும்ல.

அதனால அடுத்த மாசம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு வர்றப்ப ஆளுக்கொரு நோட்டு கொண்டாங்க. வெதை உரத்தோட நிறுத்தாம நெலத்து வாடகை, போர் போட்ட காசு, அதுக்கு வட்டி எல்லாம் எழுதி கொண்டாங்க. பொம்பளைங்க களை எடுத்த நாளையும் எழுதுங்கப்பா, அதை மட்டும் ஏன் விட்டுர்றீங்க.