திகதி முதலில், சொல் பிறகு: ஹன்சாட்டில் தேடும் முறை

(மலையக ஆசிரியர்கள், தொழிற்சங்கச் செயற்பாட்டாளர்கள், உயர்தர மாணவர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சபையோருக்கு வணக்கம்.

"இதை நாங்கள் பாராளுமன்றத்தில் அப்போதே பேசினோம்" என்று ஒரு மேடையில் சொல்வார்கள். "ஒரு வார்த்தை பேசவில்லை" என்று அடுத்த மேடையில் சொல்வார்கள். இரண்டுக்கும் நாம் கை தட்டிவிட்டு வீடு திரும்புகிறோம். சபையில் பேசியது ஹன்சாட் என்ற பாராளுமன்ற உரைப் பதிவேட்டில் அச்சாகி இருக்கிறது. தொகுதி, இலக்கம், நிரல் (பக்கத்திலுள்ள செங்குத்துப் பத்தி) என்று விரல் வைத்துக் காட்டலாம். ஆனால் தேடிப் பார்த்தவர்களில் பாதிப்பேர் "கிடைக்கவில்லை, அப்படியானால் பேசவில்லை" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது தேடலின் பிழை.

முதல் காரணம் மொழி. நமது ஹன்சாட் மொழிபெயர்ப்பு நூல் அல்ல. உறுப்பினர் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே அவர் உரை அச்சாகிறது. சபையில் காதுக்கருவியில் கேட்கும் உரைபெயர்ப்பு ஏட்டில் ஏறுவதில்லை. இப்போதைய ஹன்சாட்டில் பேசுபவரின் பெயர் மட்டும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் வரும். ஆகவே "மாண்புமிகு" என்று தொடங்கும் பெயரைத் தமிழில் தேடினால் ஆள் கிடைப்பார், அவர் சிங்களத்தில் பேசியிருந்தால் பேச்சு கிடைக்காது. பெருந்தோட்ட அமைச்சர்கள் பலர் சிங்களத்தில் பதில் சொன்னவர்கள். "தோட்டத் தொழிலாளர்" என்று மட்டும் தேடினால் கேள்வி கேட்டவர் அகப்படுவார், பதில் சொன்னவர் தப்பிவிடுவார். சிங்களத்தில் 'வத்து கம்கரு' என்பதையும், ஆங்கிலத்தில் 'எஸ்டேட்', 'பிளான்டேஷன்', 'லைன் ரூம்ஸ்' என்பவற்றையும் அந்தந்த எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

பழைய காலத்துக்குப் போகப் போக இது இன்னும் இறுகும். சட்டநிரூபண சபை 1931 வரை, அரசாங்க சபை 1947 வரை; இரண்டின் ஏடுகளும் ஆங்கிலம். 1936இல் ஹட்டன் தேர்தல் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போன தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரைத் தேட ஆங்கில எழுத்துக்கூட்டு வேண்டும், அதிலும் இரண்டு மூன்று விதம் முயல வேண்டும். அந்த ஏடுகளில் 'மலையகம்' என்ற சொல்லைத் தேடிப் பயனில்லை. 'இந்தியர்', 'குடிபெயர்ந்த தொழிலாளர்', 'தோட்டத் தொழிலாளர்' என்பவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்களால்தான் நம்மைக் குறித்தார்கள். நமக்குப் பிடித்த பெயரால் அல்ல, அவர்கள் நம்மை அழைத்த பெயரால் தேட வேண்டியிருக்கிறது.

1947க்குப் பிறகு சபைகளின் பெயரும் மாறும். 1972 வரை பிரதிநிதிகள் சபை, அதோடு 1971 வரை செனற் சபை, 1978 வரை தேசிய அரசுப் பேரவை, பிறகு பாராளுமன்றம். ஒவ்வொன்றுக்கும் தொகுதி எண் வரிசை தனி. "தொகுதி 5" என்று மட்டும் யாராவது குறிப்பு எழுதியிருந்தால், எந்தச் சபையின் 5 என்று கேளுங்கள்.

இனி இன்றைய தலைப்புக்கு வருகிறேன். கணினித் தேடல் பெட்டியில் சொல்லைப் போடுவதற்கு முன் அமர்வு நாளைக் கண்டுபிடியுங்கள். நம் குடியுரிமை வரலாற்றைவிட நல்ல உதாரணம் இதற்கு இல்லை.

மூன்று சட்டங்களை நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம் ஒன்று. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம் இரண்டு. வாக்குரிமையைப் பறித்த 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் மூன்று. முதற்சட்டம் நடைமுறைக்கு வந்தது 1948 நவம்பர் 15. அந்த நாளைப் பிடித்துக்கொண்டு நவம்பர் ஏட்டைப் புரட்டுபவர் விவாதத்தைக் காணமாட்டார். அது நடந்தது ஓகஸ்டில். இரண்டாவதில் பொறி இன்னும் மோசம். சட்டத்தின் ஆண்டு 1949, விவாதமோ 1948 டிசம்பரில். 1949 தொகுதிகளை எத்தனை நாள் புரட்டினாலும் வராது. இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கிய 2003இன் 35ஆம் இலக்கச் சட்டமும் அப்படியே: சபை நிறைவேற்றியது ஒக்டோபர், சபாநாயகரது சான்றுரை நவம்பர். சட்டப் பிரதியின் முகப்பில் இருக்கும் திகதியிலிருந்து பின்னோக்கி நடங்கள்.

தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் மலையக மக்களின் குடியுரிமையைப் பறிக்க வாக்களித்தாரா என்பது ஐம்பது வருடமாகத் தீராத வாய்ச்சண்டை. திகதியைப் பிரித்தால் அது தீரும். 1948 ஓகஸ்டில், எதிர்க்கட்சியில் இருந்தபோது, 18ஆம் இலக்கச் சட்டத்தை எதிர்த்தார். செப்டெம்பரில் அமைச்சரானார். டிசம்பரில் இரண்டாவது சட்டமூலத்தை ஆதரித்தார். சண்டை போடும் இருவரும் தங்கள் கையில் ஒவ்வோர் உண்மையை வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட இடங்களில் உரையை வாசிப்பதோடு நிற்காமல், விவாத முடிவில் வரும் வாக்கெடுப்புப் பெயர்ப்பட்டியலையும் பாருங்கள். பேச்சு ஒரு பக்கமும் வாக்கு ஒரு பக்கமும் போவது அரசியலில் புதுமையல்ல.

அண்மைக் கால நாள் வேண்டுமானால் மறுநாள் நாளிதழைப் பிடியுங்கள். வழக்கமாக மாதத்தின் முதலாம், மூன்றாம் வாரங்களில் செவ்வாய் முதல் வெள்ளி வரை சபை கூடும். வரவு செலவுத் திட்டக் காலத்தில் சனிக்கிழமையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சபையில் முழங்கியதாக ஒருவர் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். லயன் வீடு, 7 பேர்ச் காணி, தோட்டப் பாதை, தோட்டப் பாடசாலை பற்றி நிறையப் பேச்சு கிடைப்பது வரவு செலவுத் திட்டத்தின் ஒதுக்கீட்டுச் சட்டமூலத்தை அமைச்சு அமைச்சாக விவாதிக்கும் குழுநிலை நாட்களில். எந்த அமைச்சின் தலைப்பு எந்த நாளில் எடுக்கப்பட்டது என்பது அன்றைய ஏட்டின் முன்பக்க உள்ளடக்கத்திலேயே இருக்கும். ஓர் எச்சரிக்கை: தோட்டப் பாதைக்குப் பிரதேச சபை செலவழிக்க முடியாதிருந்த விடயம் பெருந்தோட்ட அமைச்சில் மட்டும் இராது, உள்ளூராட்சி அமைச்சின் நாளிலும் இருக்கும். பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டபோது நடந்த விவாதத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

நாள் கிடைத்த பிறகுதான் சொல். இங்கே எழுத்துருத் தொல்லை தொடங்கும். திரையில் அழகான தமிழ். பிரதி எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் கோத்த கோப்பு அது. யுனிகோட்டில் தட்டிய சொல்லை அது அறியாது. இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் உங்கள் சொல்லைப் பாமினிக்கு மாற்றி, வரும் குப்பையையே தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். யுனிகோட் கோப்பிலும் கொம்பு இடம்மாறிக் கிடக்கலாம். அப்போது 'தோட்ட', 'தொழிலாளர்' இரண்டும் ஏமாற்றும். கொம்பும் காலும் இல்லாத 'சம்பள', 'லயன்' போன்றவற்றால் முயலுங்கள். 'சம்பளம்' என்று முழுதாகத் தட்டாதீர்கள். 'சம்பளத்தை', 'சம்பளத்துக்கு' எல்லாம் தவறிப்போகும். 'வீடு' தேடினால் 'வீட்டு' தனியாக. தலவாக்கலை, தலவாக்கொல்லை, ஹட்டன், அட்டன், இரண்டையும் போடுங்கள்.

வருடிய (ஸ்கேன் செய்த) பழைய ஆங்கில ஏடுகளில் வரி முடிவில் சொல் இரண்டாக உடைந்திருக்கும், இரு நிரலும் ஒன்றோடொன்று கலந்திருக்கும். சொல்லின் முன்பாதியை மட்டும் தேடுவது நல்லது. வருடாத தொகுதிகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழக நூலகமோ கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களமோதான். திகதியோடு போனால் அரை நாளில் வேலை முடியும்.

பக்கம் கிடைத்துவிட்டது. அமைச்சர் "விடையைச் சபாபீடத்தில் வைக்கிறேன்" என்று மட்டும் சொல்லியிருந்தால் மூடிவிடாதீர்கள், சற்றுக் கீழே நட்சத்திரக் குறியோடு 'சபாபீடத்தில் வைக்கப்பட்ட விடை' அச்சாகியிருக்கும். தோட்டவாரியான எண்கள் பெரும்பாலும் அங்கேதான். நீண்ட இணைப்பு என்றால் பாராளுமன்ற நூலகத்தில் வைக்கப்பட்டதாகக் குறிப்பு மட்டும் வரும். '(இடையீடு)' என்றிருக்கும் இடத்தில் யாரோ குறுக்கிட்டிருக்கிறார், என்ன சொன்னார் என்பது பதிவாகவில்லை. தலைமை தாங்கியவரின் கட்டளைப்படி அகற்றப்பட்ட வரிகளும் உண்டு. தொலைக்காட்சியில் கேட்டது ஏட்டில் இல்லையென்றால் முதலில் இதைப் பாருங்கள்.

முகப்பில் 'பிழை திருத்தப்படாதது' என்று இருந்தால் அது முதற்பிரதி. அதில் திருத்தம் அனுப்ப உறுப்பினருக்கு இரு வாரம் உண்டு. ஆகவே மேற்கோள் காட்டும்போது எந்தப் பிரதி என்றும் எழுதுங்கள். சபையின் பெயர், தொகுதி, இலக்கம், திகதி, நிரல் எண் என்ற வரிசை போதும். பக்க எண் என்று எழுத வேண்டாம். ஒரு பக்கத்தில் இரு நிரல், எண் நிரலுக்குத்தான். கைபேசியில் படம் எடுப்பவர்கள் முகப்பையும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். உரையின் பக்கத்தை எடுக்கும்போது மேல் விளிம்பை வெட்டிவிடாதீர்கள். நிரல் எண் அங்கேதான் இருக்கிறது.